இன்ஜின் ஆயில் குடிக்குதா? பிரிக்கிறதுக்கு முன்னாடி அளந்து பாருங்க

இந்தத் தடவை மெக்கானிக்கல் டிபார்ட்மென்ட் பக்கத்துல இருந்து ஒரு கட்டுரை. ஆனா இது மெக்கானிக்கல் பசங்களுக்கு மட்டும்னு நினைச்சு ஸ்க்ரோல் பண்ணிடாதீங்க. வீட்டுல ஒரு கார் நிக்குதுன்னா, அதுவும் செகண்ட் ஹேண்ட் கார்னா, இது உங்களுக்கும்தான்.

நம்மள்ல நிறைய பேர் வீட்டுல இருக்கிறது, யாரோ ஒருத்தர் ஆறேழு வருஷம் ஓட்டி முடிச்ச பிறகு வாங்கின கார். சிலர் வீட்டுல அந்தக் கார்தான் வருமானமே. அப்படி ஒரு வண்டியில "ஆயில் குறையுதுண்ணே"ன்னு பட்டறையில போய்ச் சொன்னா, பெரும்பாலும் ரெண்டு பதில்ல ஒண்ணு வரும். ஒண்ணு, "பழைய வண்டி, அப்படித்தான் குடிக்கும், ஊத்திக்கிட்டே ஓட்டுங்க." இன்னொண்ணு, "ரிங் போயிடுச்சு, இன்ஜின் இறக்கணும்." முதல் பதிலை நம்பி அப்படியே விட்டா ஒருநாள் நடு ஹைவேயில இன்ஜின் ஜாம் ஆகலாம். ரெண்டாவது பதிலுக்கு உடனே தலையாட்டினா, ஒரு சின்ன ரப்பர் சீல்ல முடிய வேண்டிய வேலைக்குப் பல ஆயிரம் ரூபாய் போகலாம்.

இந்த ரெண்டு பதிலுக்கும் முன்னாடி ரெண்டு கேள்வி இருக்கு. எவ்வளவு குறையுது? எந்த வழியா போகுது? இந்தக் கட்டுரை முழுக்க அந்த ரெண்டு கேள்விக்கு எப்படி பதில் கண்டுபிடிக்கிறதுன்னுதான்.

ஆயிலுக்கு உள்ளே என்ன வேலை?

மெஷின் டிசைன் பேப்பர்ல சோமர்ஃபெல்ட் நம்பர் போட்டது ஞாபகம் இருக்கா? பேரிங்குக்குள்ள ஷாஃப்ட் சுத்தும்போது ஆயிலை ஆப்பு மாதிரி இழுத்துக்கிட்டு, அது மேலயே மிதக்கும். கிராங்க் ஷாஃப்ட்டும் அதோட பேரிங்கும் சாதாரணமா ஒண்ணையொண்ணு தொடறதே இல்ல. நடுவுல சில மைக்ரான் தடிமனுக்கு ஆயில் மட்டும்தான் இருக்கு. அந்தப் படலம் போனா உலோகத்தோட உலோகம் உரசும், சூடாகும், ஒட்டிக்கும். "இன்ஜின் சீஸ் ஆயிடுச்சு"ன்னு சொல்றது பல நேரம் இதைத்தான்.

வழுவழுப்பு தவிர வேற வேலைகளும் இருக்கு. பிஸ்டனோட அடிப்பக்கச் சூட்டை எடுத்துட்டு வரும். கார்பன் தூளையும் அழுக்கையும் தனக்குள்ள மிதக்க வச்சு ஃபில்டருக்குக் கொண்டு போகும். ரிங்குக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவுல இருக்கிற இடைவெளியை அடைச்சு கம்ப்ரஷனைக் காப்பாத்தும். துருப்பிடிக்காம தடுக்கும்.

ஒரு சின்ன பெட்ரோல் காருக்கு மொத்தமே மூணுல இருந்து மூணரை லிட்டர் ஆயில்தான் இருக்கும். டிப்ஸ்டிக்ல மேல் கோட்டுக்கும் கீழ் கோட்டுக்கும் நடுவுல இருக்கிறது நிறைய வண்டிகள்ல ஏறக்குறைய ஒரு லிட்டர். அதாவது, கீழ் கோட்டுக்கு வந்துட்டாலே மூணுல ஒரு பங்கு காலி. மிச்சம் இருக்கிற ஆயில் அதே வேலையை, அதிக சூட்டுல, அதிக அழுக்கோட செய்யணும்.

கொஞ்சம் எரியறது சகஜம். எவ்வளவு கொஞ்சம்?

எந்த இன்ஜினும் கொஞ்சமாவது ஆயில் எரிக்கும். சிலிண்டர் சுவர்ல ஆயில் படலம் இல்லாம பிஸ்டன் ஓட முடியாது, அந்தப் படலத்தோட மேல் பகுதி ஒவ்வொரு தடவையும் நெருப்பைப் பார்க்குது. அதனாலதான் கம்பெனி மேனுவல்கள்லயே ஒரு வரம்பு போட்டிருப்பாங்க. சிலதுல 1000 கி.மீ.க்கு அரை லிட்டர் வரை, சிலதுல ஒரு லிட்டர் வரைகூட "ஏற்கத்தக்கது"ன்னு இருக்கும். இது வாரண்டி க்ளெய்ம் வராம இருக்கறதுக்கான தாராளமான வரம்பு. ஆரோக்கியமான இன்ஜின் நிறைய, ஒரு ஆயில் சேஞ்சுக்கும் அடுத்த சேஞ்சுக்கும் நடுவுல டாப் அப்பே கேட்காது.

1000 கி.மீ.க்கு ஒரு லிட்டர்னா பயங்கரமா தோணுது இல்லையா? ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். நாலு சிலிண்டர் வண்டி, மணிக்கு 60 கி.மீ. வேகத்துல, 2000 ஆர்பிஎம்ல போகுதுன்னு வச்சுக்கோங்க. ஒரு நிமிஷத்துக்கு ஒரு கி.மீ. ஃபோர் ஸ்ட்ரோக்ங்கறதால ஒரு சிலிண்டர்ல நிமிஷத்துக்கு 1000 தடவை எரியும், நாலு சிலிண்டருக்கு 4000. ஆக 1000 கி.மீ.க்கு 40 லட்சம் தடவை. ஒரு லிட்டரை 40 லட்சத்தால வகுத்தா, ஒரு தடவைக்கு 0.25 கன மில்லிமீட்டர் ஆயில். ஒரு சொட்டை 50 கன மில்லிமீட்டர்னு எடுத்துக்கிட்டா, அதுல இருநூறுல ஒரு பங்கு!

இதையே சிலிண்டர் சுவர்ல பரப்பிப் பாருங்க. போர் 70 மி.மீ., ஸ்ட்ரோக் 70 மி.மீ.னா சுவரோட பரப்பு சுமார் 15,400 சதுர மி.மீ. அதுல 0.25 கன மி.மீ. ஆயிலைப் பூசினா தடிமன் சுமார் 16 நானோமீட்டர். தலைமுடியோட தடிமன்ல பல ஆயிரத்துல ஒரு பங்கு. நல்ல இன்ஜினுக்கும் "ஆயில் குடிக்கிற" இன்ஜினுக்கும் நடுவுல வித்தியாசம் அவ்வளவுதான். அதனால ரிங்ல ஒரு சின்ன ஒட்டல், சீல்ல ஒரு சின்ன விரிசல் போதும். பெரிய சத்தம், பெரிய புகை எதுவும் இல்லாமலே லிட்டர் கணக்குல போயிடும்.

அந்தச் சிவப்பு லைட்டை நம்பி ஓட்டாதீங்க

"லைட் எரியலையே, அப்போ ஆயில் இருக்கு"ன்னு நினைக்கிறவங்க ரொம்ப அதிகம். டேஷ்போர்டுல இருக்கிற அந்தச் சிவப்பு ஆயில் கேன் படம், பெரும்பாலான கார்கள்ல ஆயில் பிரஷருக்கான எச்சரிக்கை. ஆயில் அளவை அது பார்க்கறதே இல்ல. சேம்பர்ல ஆயில் ரொம்பக் குறைஞ்சு, பம்ப் ஆயிலுக்குப் பதிலா காத்தை உறிஞ்ச ஆரம்பிச்ச பிறகுதான் பிரஷர் விழும், லைட் எரியும். முதல்ல வளைவுகள்லயும் சடன் பிரேக்லயும் ஒரு நொடி மின்னும். அந்த ஒரு நொடி பேரிங் ஆயில் இல்லாம சுத்தியிருக்குன்னு அர்த்தம்.

ஓடும்போது அந்த லைட் எரிஞ்சா ஒரே விதிதான். ஓரமா நிறுத்துங்க, இன்ஜினை ஆஃப் பண்ணுங்க. "பக்கத்துல பங்க் இருக்கு, மூணு கி.மீ.தான்"னு ஓட்டிட்டுப் போற அந்த மூணு கி.மீ.லதான் இன்ஜின் போகும்.

சில புது வண்டிகள்ல லெவல் சென்சாரும் இருக்கு. அதுக்கு மஞ்சள் நிறத்துல தனி எச்சரிக்கை வரும். உங்க வண்டியில எது இருக்குன்னு மேனுவல்ல ஒரு தடவை பார்த்து வச்சுக்கோங்க.

ஆயில் வெளியே போற அஞ்சு வழிகள்

*1. ஒழுகல்.* வால்வ் கவர் கேஸ்கெட், கிராங்க் ஆயில் சீல், ஃபில்டர், ட்ரெயின் போல்ட், டைமிங் கவர் இங்கெல்லாம் கசியலாம். இது எரியறது இல்ல, வெளியே போறது. கண்டுபிடிக்க சுலபம், சரி பண்றதும் பெரும்பாலும் மலிவு. ஆனா கீழே தரையில சொட்டு விழலைன்னா ஒழுகல் இல்லன்னு முடிவு பண்ணிடாதீங்க. சூடான எக்ஸாஸ்ட் மேல சொட்டி அங்கேயே கருகிப் போகலாம். அப்போ வண்டியை நிறுத்தினதும் கருகல் வாசனை வரும்.

*2. பிஸ்டன் ரிங்.* பிஸ்டன்ல பொதுவா மூணு ரிங் இருக்கும். மேல கம்ப்ரஷன் ரிங், நடுவுல பாதி கம்ப்ரஷன் வேலையும் பாதி வழிக்கிற வேலையும் பார்க்கிற ரிங், கீழ ஆயில் ரிங். தோசைக்கல்லுல எண்ணெயைத் துணியால இழுத்து விடற மாதிரி, ஆயில் ரிங் சுவர்ல இருக்கிற அதிகப்படி ஆயிலை வழிச்சு, பிஸ்டன்ல இருக்கிற சின்னத் துளைகள் வழியா திரும்பக் கீழே அனுப்பும். ரிங் தேய்ஞ்சாலோ, கார்பன்ல ஒட்டிக்கிட்டாலோ, அந்தத் துளைகள் அடைச்சாலோ ஆயில் மேலயே தங்கும், எரியும்.

இங்க ஒரு விஷயம் முக்கியம். தேய்ஞ்ச ரிங் வேற, ஒட்டிக்கிட்ட ரிங் வேற. தேய்ஞ்சதை மாத்தித்தான் ஆகணும். ஒட்டினதைச் சில நேரம் சுத்தம் பண்ணி மீட்கலாம். அதோட, இப்போ மைலேஜுக்காக உராய்வைக் குறைக்கணும்னு ரிங்குகளோட இழுவிசையைக் கம்மியா வடிவமைக்கிறாங்க. சுவர்ல லேசா அழுத்துற ரிங்ல கார்பன் சேர்ந்தா, சீக்கிரமே வழிக்கிற வேலை கெடும்.

*3. வால்வ் சீல்.* வால்வ் தண்டு மேல ஒரு சின்ன ரப்பர் தொப்பி. மேல கேம் ஷாஃப்ட் பக்கம் இருக்கிற ஆயில் தண்டு வழியா கீழே இறங்காம அது தடுக்கும். வருஷக்கணக்குல சூட்டுல வெந்து கெட்டியானா விரிசல் விடும். ராத்திரி முழுக்க நின்ன வண்டியைக் காலைல ஸ்டார்ட் பண்ணும்போது நீலமா ஒரு கொத்துப் புகை வந்து, கொஞ்ச நேரத்துல சரியாகிடுச்சுன்னா முதல் சந்தேகம் இவர் மேல.

*4. பிசிவி வால்வ்.* எரியற வாயுவுல கொஞ்சம் ரிங்கைத் தாண்டி கீழே சேம்பருக்குள்ள வரும். அதை வெளியே விடாம, திரும்ப இன்டேக் வழியா எரிக்க அனுப்புற ஒருவழிப் பாதைதான் பிசிவி. இது அடைச்சா சேம்பருக்குள்ள பிரஷர் ஏறி, எங்க சந்து கிடைக்குதோ அங்க ஆயிலைப் பிதுக்கும். திறந்தே மாட்டிக்கிட்டா ஆயில் ஆவியை அளவுக்கு அதிகமா இன்டேக்குக்கு இழுக்கும். நிறைய வண்டிகள்ல விலை குறைஞ்ச பாகம், ஆனா ரிங் மேல பழி விழறதுக்குப் பல தடவை காரணம் இதுதான்.

*5. டர்போ.* டர்போ ஷாஃப்ட் நிமிஷத்துக்கு ஒரு லட்சம் சுத்துக்கு மேலகூடப் போகும், அதுவும் ஆயில் படலத்து மேலதான். ஆயில் திரும்பிப் போற பைப் அடைச்சாலோ, ஷாஃப்ட் ஆட ஆரம்பிச்சாலோ ஆயில் இன்டேக் பக்கமோ எக்ஸாஸ்ட் பக்கமோ கசியும். இன்டர்கூலர் பைப்பைக் கழட்டிப் பார்த்தா உள்ளே ஆயில் தேங்கி நிக்கும். லேசான பிசுபிசுப்பு சகஜம், தேங்கி நிக்கிறது சகஜம் இல்ல.

இது தவிர ஹெட் கேஸ்கெட் போய் ஆயிலும் கூலன்டும் கலக்கறதும் உண்டு. ஆயில் பால் விட்ட காபி நிறத்துக்கு மாறும், இல்லன்னா கூலன்ட் டேங்க்ல ஆயில் மிதக்கும். அது அவசர கேஸ். வண்டியை எடுக்காதீங்க.

எல்லாமே ஓட்டுறவங்க தப்பு இல்ல

"சரியா ஆயில் மாத்தியிருக்க மாட்டீங்க"ன்னு ஓனர் மேல பழி போடறது ரொம்ப சுலபம். ஆனா வடிவமைப்புலயே பிரச்சினை இருந்ததுக்கு நல்ல உதாரணம், டொயோட்டாவோட 2.4 லிட்டர் 2ஏஇசட்-எஃப்இ பெட்ரோல் இன்ஜின். 2007ல இருந்து 2009 வரையிலான கேம்ரி உட்பட பல மாடல்கள்ல அமெரிக்காவுல வித்தாங்க. நம்பகத்தன்மைக்குப் பேர் போன கம்பெனி. ஆனாலும் நிறைய ஓனர்கள் ஆயில் குறையுதுன்னு புகார் பண்ணாங்க. ஆயில் ரிங் பள்ளத்துல இருக்கிற, ஆயில் திரும்பிப் போற சின்னத் துளைகள் கார்பன்ல அடைச்சு, ரிங்கும் ஒட்டிக்கிச்சு.

2011ல கம்பெனி டீலர்களுக்கு ஒரு டெக்னிக்கல் புல்லட்டின் அனுப்புச்சு. அதுல இருந்த சோதனை முறை நம்ம வீட்டுலயும் செய்யக்கூடியது. ஆயிலை மேல் கோடு வரை நிரப்பணும், 1200 மைல் ஓட்டணும், திரும்ப வந்து அளக்கணும். ஒரு குவார்ட்டுக்கு மேல குறைஞ்சிருந்தா ஃபெயில். நம்ம கணக்குல சொன்னா, 1000 கி.மீ.க்கு சுமார் அரை லிட்டர். 2015ல இதுக்காக வாரண்டியை நீட்டிச்சு, சோதனையில ஃபெயில் ஆன வண்டிகளுக்கு மாத்தி வடிவமைச்ச பிஸ்டனும் ரிங்கும் போட்டுக் கொடுத்தாங்க.

டொயோட்டா மட்டும் இல்ல. சுபாரு மேல இதே காரணத்துக்கு 2014ல அமெரிக்காவுல வழக்கு போட்டாங்க, 2016ல சமரசமா முடிஞ்சு வாரண்டி நீண்டுச்சு. ஜெனரல் மோட்டார்ஸோட 5.3 லிட்டர் வி8 இன்ஜின் வழக்குல 2022ல ஜூரி, கம்பெனி 10 கோடி டாலருக்கு மேல கொடுக்கணும்னு தீர்ப்பு சொல்லுச்சு.

டொயோட்டா கேஸ்ல இருந்து நமக்கு ரெண்டு பாடம். ஒண்ணு, அங்கயும் முதல்ல அளந்தாங்க, அப்புறம்தான் பிரிச்சாங்க. ரெண்டு, கம்ப்ரஷனைப் பிடிக்கிறது மேல் ரிங்குகள். கீழ இருக்கிற ஆயில் ரிங் மட்டும் ஒட்டிக்கிட்டா, கம்ப்ரஷன் டெஸ்ட் பாஸ் ஆகும், வண்டி நல்லா இழுக்கும், ஆயில் மட்டும் குறைஞ்சுக்கிட்டே இருக்கும். அதனால "கம்ப்ரஷன் நல்லா இருக்கு, ரிங் ஓகே"ங்கறது பாதி உண்மைதான்.

சரி, அளக்கிறது எப்படி?

ஒரு நோட்டும், கோடு போட்ட ஒரு லிட்டர் ஆயில் கேனும் போதும்.

1. சமமான தரையில நிறுத்துங்க. சரிவுல நின்னா ரீடிங் பொய் சொல்லும்.
2. கொஞ்சம் ஓட்டி சூடாக்கி, ஆஃப் பண்ணி, அஞ்சு பத்து நிமிஷம் விடுங்க. ஆயில் முழுக்கக் கீழே இறங்கணும். சில வண்டிகளுக்கு முறை மாறும், மேனுவல் சொல்றதுதான் கடைசி வார்த்தை.
3. டிப்ஸ்டிக்கை எடுத்துத் துடைச்சு, முழுசா உள்ளே விட்டு, திரும்ப எடுத்துப் பாருங்க. ரெண்டு தடவை பாருங்க.
4. மேல் கோடு வரை ஊத்துங்க, அதைத் தாண்டாதீங்க. ஓடோமீட்டர் ரீடிங்கை எழுதுங்க.
5. 1000 கி.மீ. ஓடின பிறகு, அதே இடத்துல, அதே முறையில பாருங்க. திரும்ப மேல் கோட்டுக்கு வர எத்தனை மி.லி. ஊத்தினீங்கன்னு எழுதுங்க. நடுவுல கீழ் கோட்டுக்கு வந்துட்டா காத்திருக்காதீங்க, அங்கயே ஊத்தி அளவைக் குறிச்சுக்கோங்க.

உதாரணமா, 800 கி.மீ.க்கு 600 மி.லி. ஊத்தினா, 1000 கி.மீ.க்கு 750 மி.லி. இது கவலைப்பட வேண்டிய எண். 1000 கி.மீ.க்கு 100 மி.லி.னா நிம்மதியா ஓட்டலாம். ஒரே ஒரு தடவை பார்த்த எண்ணை விட, மூணு தடவை எடுத்த எண்கள் 100, 200, 400னு ஏறுதாங்கறதுதான் நிறைய சொல்லும்.

மேல் கோட்டைத் தாண்டி ஊத்தாதீங்கன்னு சொன்னதுக்குக் காரணம் இருக்கு. "எப்படியும் குறையும், கொஞ்சம் அதிகமாவே ஊத்தி வைப்போம்"னு நிறைய பேர் பண்றாங்க. அதிகமான ஆயிலைக் கிராங்க் ஷாஃப்ட் அடிச்சுக் கலக்கி நுரையாக்கும், பிசிவி வழியா இன்டேக்குக்குப் போகும், எரியும். பயத்துல ஊத்தின ஆயிலே குறையறதை வேகமாக்கும்.

இன்னொரு குழப்பம். தினமும் ரெண்டு மூணு கி.மீ. மட்டும் ஓடற வண்டியில இன்ஜின் முழுசா சூடாகாது. எரியாத பெட்ரோலும் ஈரமும் ஆயில்ல கலந்து, குறைஞ்ச அளவை ஈடுகட்டி லெவலை அப்படியே காட்டும். அப்புறம் திடீர்னு மதுரைக்கோ பெங்களூருக்கோ லாங் ட்ரைவ் போனா அதெல்லாம் ஆவியாகி, லெவல் தடாலடியா இறங்கும். டிபிஎஃப் இருக்கிற டீசல் வண்டிகள்ல டீசல் கலந்து லெவல் ஏறவும் செய்யும். ஏறினா சந்தோஷப்படாதீங்க. நீர்த்துப் போன ஆயில் அது, மாத்தணும்.

வழியைக் கண்டுபிடிங்க: மலிவுல இருந்து ஆரம்பிங்க

எண் கைக்கு வந்தாச்சு. இப்போ சோதனைகளைக் காசு கம்மியானதுல இருந்து வரிசையா செய்யணும்.

முதல்ல ஒழுகல். ராத்திரி இன்ஜினுக்கு அடியில ஒரு அட்டையை விரிச்சு வைங்க. காலைல சொட்டு விழுந்த இடம் எந்தப் பாகத்துக்கு நேர் கீழேன்னு பாருங்க. டார்ச் அடிச்சு வால்வ் கவர் ஓரத்தைப் பாருங்க.

அடுத்து பிசிவி. பெட்ரோல் இன்ஜின் ஐடில்ல ஓடும்போது ஆயில் ஊத்துற மூடியை மெதுவா திறங்க. லேசா உறிஞ்சினா சரி. வெளியே ஊதித் தள்ளினா பிசிவி அடைச்சிருக்கு, இல்ல ரிங் வழியா வாயு அதிகமா இறங்குது. மூடியைத் திறக்கவே முடியாத அளவுக்கு இழுத்தா பிசிவி டயாஃப்ரம் கிழிஞ்சிருக்கலாம்.

அப்புறம் புகை. நீலம்னா ஆயில், கறுப்புன்னா எரிபொருள் அதிகம், நிக்காத வெள்ளைன்னா கூலன்ட். குளிர்காலக் காலைல வர்ற வெள்ளை வெறும் நீராவி, அதை விட்டுடுங்க. பெட்ரோல் வண்டியில எப்போ நீலம் வருதுங்கறதைக் கவனிங்க. காலை முதல் ஸ்டார்ட்லயும், கோத்தகிரியில இருந்து மேட்டுப்பாளையம் இறங்கற மாதிரி நீளமான இறக்கத்துல கியர்ல இறங்கி முடிச்சு ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போதும் வந்தா, வால்வ் சீல் பக்கம் சந்தேகம் போகும். ஆக்சிலரேட்டர் மிதிச்சு லோடுல ஏறும்போதெல்லாம் வந்துக்கிட்டே இருந்தா ரிங் பக்கம். ஆனா புகை வரலைங்கறதுக்காக ஆயில் எரியலைன்னு அர்த்தம் இல்ல. நல்ல நிலையில இருக்கிற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் அந்தப் புகையைப் பெருமளவு எரிச்சு மறைச்சிடும்.

நாலாவது, ப்ளக். நாலையும் கழட்டி வரிசையா வைங்க. ஒண்ணு மட்டும் கறுப்பா, பிசுபிசுப்பா இருந்தா பிரச்சினை அந்த ஒரு சிலிண்டர்ல. நாலும் ஒரே மாதிரி இருந்தா பிசிவி மாதிரி பொதுவான காரணம் இருக்கலாம்.

கடைசியா கம்ப்ரஷன் டெஸ்ட். ரீடிங் கம்மியா இருக்கிற சிலிண்டர்ல ஒரு சின்ன ஸ்பூன் ஆயில் விட்டு திரும்ப எடுங்க. ரீடிங் ஏறினா ரிங் அல்லது போர் தேய்மானம். ஏறலைன்னா வால்வ் அல்லது ஹெட் கேஸ்கெட். லீக் டவுன் டெஸ்ட் வசதி இருக்கிற பட்டறைன்னா இன்னும் துல்லியமா தெரியும்.

இந்த வரிசை ஏன் முக்கியம்னு எனக்குப் புரிஞ்சது எங்க தெருவுல டாக்ஸி ஓட்டுற ஒரு அண்ணனோட வண்டியிலதான். ஒரு பட்டறையில பார்த்துட்டு, ரிங் மாத்தணும், நாப்பதாயிரம் ஆகும், பத்து நாள் வண்டி நிக்கும்னு சொல்லிட்டாங்க. பத்து நாள் வண்டி நின்னா அவருக்கு அந்த மாச ட்யூ போச்சு. "தம்பி, நீ மெக்கானிக்கல்தானே, கொஞ்சம் பாரு"ன்னு கூப்பிட்டாரு. அளந்தோம், 1000 கி.மீ.க்கு சுமார் 700 மி.லி. மூடியைத் திறந்தா குக்கர் மாதிரி ஊதுச்சு. பிசிவி ஹோஸுக்குள்ள கறுப்பு அல்வா மாதிரி அடைப்பு, வால்வ் கவர் ஓரமெல்லாம் கசிவு. வேற ஒரு மெக்கானிக்கிட்ட பிசிவி, ஹோஸ், வால்வ் கவர் கேஸ்கெட் மூணையும் மாத்தினாரு. அரை நாள் வேலை. அடுத்த 1000 கி.மீ.ல 200 மி.லி.க்கு வந்துடுச்சு. ரிங்ல கொஞ்சம் தேய்மானம் இருக்கத்தான் செய்யும், ஆனா அதை இப்போ தொட வேண்டிய அவசியம் இல்லன்னு ஆச்சு.

எல்லா வண்டிக்கும் இப்படி நல்லபடியா முடியாது. நிஜமாவே ரிங் போன வண்டியும் உண்டு. ஆனா அது ரிங்தான்னு தெரிஞ்ச பிறகு செலவு பண்றதும், தெரியாம பண்றதும் ஒண்ணு இல்ல.

காரணம் தெரிஞ்சாச்சு, இனி என்ன பண்ணலாம்?

*ஊத்திக்கிட்டே ஓட்டறது.* இதுவும் ஒரு நியாயமான முடிவுதான், அளந்து எடுத்த முடிவா இருந்தா. வருஷத்துக்கு 10,000 கி.மீ., 1000 கி.மீ.க்கு 300 மி.லி.னா வருஷத்துக்கு 3 லிட்டர். லிட்டர் 500 ரூபாய்னு வச்சா 1500 ரூபாய். இதுக்காக இன்ஜின் பிரிக்க வேண்டியதில்ல. ஆனா 500 கி.மீ.க்கு ஒரு தடவை டிப்ஸ்டிக் பார்க்கிற பழக்கமும், டிக்கியில ஒரு லிட்டர் ஆயிலும் கட்டாயம். டாப் அப் பண்றோமே, அதனால ஆயில் சேஞ்ச் வேண்டாம்னு நினைக்கக் கூடாது. பழைய அழுக்கு உள்ளேயேதான் இருக்கு.

*கெட்டி ஆயில்.* "20டபிள்யூ50 ஊத்துங்க, குறையாது"ம்பாங்க. மெல்லிய ஆயிலுக்குன்னு வடிவமைச்ச இன்ஜின்ல ரொம்பக் கெட்டியான ஆயில் காலைல மேலே ஏற நேரமாகும், வேரியபிள் வால்வ் டைமிங் மாதிரி ஆயில் பிரஷர்ல இயங்கற பாகங்கள் குழம்பும். மேனுவல்ல ஒண்ணுக்கு மேற்பட்ட கிரேடு அனுமதிச்சிருந்தா, அதுக்குள்ள ஒரு படி கெட்டியானதுக்குப் போகலாம். அதைத் தாண்ட வேண்டாம்.

*பாட்டில்ல விக்கிற மருந்துகள்.* கெட்டியான ரப்பர் சீலை மிருதுவாக்கறதும், ஒட்டின ரிங்ல இருக்கிற கார்பனைக் கரைக்கிறதும் சில நேரம் வேலை செய்யும். தேய்ஞ்ச உலோகத்தை எந்தப் பாட்டிலும் வளர வைக்காது. ரொம்ப நாள் ஆயில் மாத்தாம உள்ளே அழுக்கு கெட்டிச்சிருக்கிற இன்ஜின்ல வேகமான ஃப்ளஷ் போட்டா, பெயர்ந்த அழுக்கு ஆயில் பம்ப்போட சல்லடையை அடைச்சு புது ஆபத்தை உண்டாக்கும்.

*வால்வ் சீல் மாத்தறது.* நிறைய இன்ஜின்கள்ல ஹெட்டை இறக்காமலே, சிலிண்டருக்குள்ள காத்தழுத்தம் கொடுத்து வால்வைத் தாங்கிப் பிடிச்சு சீலை மட்டும் மாத்தலாம். பட்டறையில இந்த வழி இருக்கான்னு கேளுங்க.

*ரிங், ரீபோர்.* இதுதான் கடைசி. இதுக்குப் போனா போரை அளந்து, தேய்மானமும் ஓவல் ஆனதும் எவ்வளவுன்னு எண்ணோட கேளுங்க. போர் தேய்ஞ்சிருக்க, புது ரிங் மட்டும் போட்டா ஆறே மாசத்துல பழைய கதை. லேத்துல ஹோனிங் பண்ணி, சுவர்ல குறுக்கு நெடுக்கு கோடுகள் விழணும். அந்தக் கோடுகள்லதான் ஆயில் தங்கும், புது ரிங் பதியும்.

எதையும் பண்ணாம, ஆயிலும் ஊத்தாம விட்டா? எரிஞ்ச ஆயில்ல இருக்கிற பாஸ்பரஸ் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை மெல்ல மெல்லக் கொல்லும், ப்ளக் கறுத்து மிஸ்ஃபயர் ஆகும், பிஸ்டன் மேல கார்பன் ஏறி நாக்கிங் வரும், கடைசியில பேரிங். அந்த நிலைமையில இன்ஜினோட விலை, சில பழைய கார்களோட விலையையே தாண்டிடும்.

செகண்ட் ஹேண்ட் கார் பார்க்கப் போறீங்களா?

"காலைல நாங்க வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்க"ன்னு முன்னாடியே சொல்லிடுங்க. போனதும் பானட்டைத் தொட்டுப் பாருங்க, சூடா இருந்தா ஏற்கனவே ஸ்டார்ட் பண்ணியிருக்காங்க. ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி டிப்ஸ்டிக்கைப் பாருங்க. ஆயில் மூடியைத் திறந்து உள்பக்கம் கறுப்புக் களிம்பு இருக்கான்னு பாருங்க. ஒருத்தர் ஸ்டார்ட் பண்ண, இன்னொருத்தர் பின்னாடி சைலன்சர் பக்கம் நில்லுங்க. மூணு நாலு நிமிஷம் ஐடில்ல விட்டு, சட்டுன்னு ஒரு ரேஸ் கொடுத்து நீலம் வருதான்னு பாருங்க. சைலன்சர் வாயை விரலால தடவினா காய்ஞ்ச கரி வந்தா பரவாயில்ல, எண்ணெய்ப் பசையா வந்தா யோசிங்க. கடைசி ஆயில் சேஞ்ச் பில்லைக் கேளுங்க. பில்லும் ஓடோமீட்டரும் ஒத்துப் போகுதான்னு பாருங்க.

இந்த வாரக் கடைசியில ஊருக்குப் போறவங்க, வீட்டுக் காரோட டிப்ஸ்டிக்கை ஒரு தடவை வெளியே எடுங்க. அப்பா கடைசியா எப்போ பார்த்தாருன்னு கேளுங்க. மேல் கோடு வரை நிரப்பி, ஓடோமீட்டரை ஃபோட்டோ எடுத்து ஃபேமிலி க்ரூப்ல போட்டு வைங்க. 1000 கி.மீ. கழிச்சு உங்க கையில ஒரு எண் இருக்கும். பட்டறையில யாராவது "இன்ஜின் இறக்கணும்"னு சொன்னா, அந்த எண்ணைக் காட்டி "ஏண்ணே, பிசிவி பார்த்தீங்களா?"ன்னு கேட்க முடியும்.